படியூர்க் கல்லும் சாயப்பட்டறை உப்பும்

(கெமிக்கல் பிரிவு, 2006–2010)

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் மாப்ளே. ஹாஸ்டல் சாப்பாடு, கட் அடிச்ச கதை எல்லாம் வேண்டாம். அது ஏற்கெனவே பதினேழு வந்தாச்சு. நம்ம ஊர் சரித்திரம் ஏதாவது உருப்படியா எழுது" என்று மலர்க்குழுவில் இருக்கும் நண்பர் போனில் சொன்னார். சரித்திரத்துக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஒத்துவராது. உப்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாதவன் என்று வீட்டிலேயே பெயர் எடுத்தவன் நான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், நான் தினமும் பார்க்கிற உப்புக்கும் நம் வட்டாரத்துப் பழைய சரித்திரத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று துணிந்தேன். பிழை இருந்தால் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் படியூர் வரும். நம்மில் எத்தனையோ பேர் அந்த ஊரைத் தாண்டிப் போயிருப்போம். இறங்கிப் பார்த்திருக்க மாட்டோம். பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. மேட்டுக்காடு, கொழுக்கட்டைப்புல், வேலி போட்ட பட்டி, காங்கேயம் மாடு. ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிச் சீமாட்டிகள் கழுத்தில் தொங்கிய நீலப்பச்சைக் கல் இந்தக் காட்டு மண்ணுக்குள்ளிருந்து போயிருக்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் பெரில். அதில் கடல்நிறம் கொண்டது அக்வாமரின். வடமொழியில் வைடூரியம் என்று பழைய நூல்கள் சொன்னது இதைத்தான், இன்று நாம் மோதிரத்தில் போடும் பூனைக்கண் கல்லை அல்ல என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். பிராகிருதத்தில் வேளுரிய. அதிலிருந்து கிரேக்கத்தில் பெரில்லோஸ். ஜெர்மன்காரன் மூக்குக்கண்ணாடிக்கு 'பிரில்லெ' என்கிறானே, அதுவும் இதே வேரில் முளைத்த சொல்தான். கண்ணாடி போட்ட நண்பர்கள் கவனிக்கவும்!

எங்கள் பூர்வீகக் காடு படியூர்ப் பக்கம். அப்பாருடைய அப்பா கிணறு வெட்டும்போது பாறை வெடித்ததில் ஒரு கல் கிடைத்ததாம். சுண்டுவிரல் நீளம், கட்டைவிரல் தடிமன், வெளிறின பச்சை. ஆறு பக்கம். ஒரு முனை உடைந்திருக்கும். மற்ற முனை வழவழவென்று மட்டமாக, மூடி போட்ட மாதிரி. அது சாமி அலமாரியில் திருநீற்று டப்பாவில் கிடந்தது. சின்ன வயதில் நான் அதை எடுத்து விளையாடுவேன். ஆறாவது படிக்கும்போது ஜியோமிட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். பாகைமானியை வைத்து அளந்தேன். ஒவ்வொரு மூலையும் 120. பக்கங்கள் மட்டும் ஒரே அகலம் இல்லை. ஒன்று பட்டை, ஒன்று ஒல்லி. "இதை யாரப்பத்தா செதுக்குனது?" என்று கேட்டதற்கு அப்பத்தா சொன்னது: "மனுசன் கை படல கண்ணு. அது அப்படியே மண்ணுக்குள்ள வெளஞ்சது."

இந்தக் கேள்வி ரோமானியருக்கும் இருந்தது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சீற்றத்தில் உயிர்விட்ட பிளினி எழுதிய இயற்கை வரலாற்று நூலின் கடைசிப் புத்தகம், முப்பத்தேழாவது, முழுக்க மணிக்கற்களைப் பற்றியது. பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது, வேறு எங்கும் அபூர்வம் என்கிறார். கல்வெட்டுக்காரர்கள் அதை ஆறு பட்டையாகச் செதுக்குகிறார்கள், பட்டை போட்டால்தான் அதன் மங்கின நிறம் எடுபடும் என்கிறார். இந்தியருக்கு நீளமான பெரில் என்றால் உயிர், தங்கமே சேர்க்காமல் துளையிட்டு யானை முடியில் கோத்துப் போடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலிக் கல் செய்வதையும் நம் ஆட்கள் மேல் சொல்லியிருக்கிறார். (சாயம் ஏற்றுவதில் நமக்குள்ள பரம்பரை அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள்.) கடைசியில், இது பிறக்கும்போதே பட்டையோடு பிறக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எங்கள் அப்பத்தா பிளினியைப் படித்ததில்லை. ஆனால் அவர் சந்தேகமாக விட்டுப்போனதை நிச்சயமாகச் சொன்னது.

கல் படியூரில் கிடைத்தால் போதுமா? மணியாக்க ஆள் வேண்டும். அந்த ஊர் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல், இன்றைய ஈரோடு மாவட்டம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்று கொள்கிறார்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார், பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர், அங்கே அகழாய்வு செய்தார்கள். முடிந்த மணி, பாதி முடிந்த மணி, துளையிடும்போது உடைந்த மணி, கழித்துப்போட்ட சில்லு எல்லாம் கிடைத்தன. அதாவது இது கடை அல்ல, பட்டறை. இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கூட. பெரில் படியூரிலிருந்து, நீலக்கல் சிவன்மலைப் பக்கமிருந்து, பளிங்கு அருகிலுள்ள அரசம்பாளையத்திலிருந்து வந்தது என்கிறார்கள். ஒரு நாள் நடையில் மூன்று மூலப்பொருள். நூல் ஒரு ஊரில், நிட்டிங் ஒரு ஊரில், சாயம் ஒரு ஊரில் என்று இன்று நாம் ஓட்டுகிற ஜாப் ஒர்க் அன்றைக்கே இருந்தது என்று நான் சொன்னால் பேராசிரியர்கள் கோபிப்பார்கள். இருந்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. மேற்கே அதே நொய்யல் கரையில் வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. ஏற்றுமதிப் பணம் வந்த வழி தெரிகிறதல்லவா?

பிறகு படியூர் நெடுங்காலம் மறந்துபோனது. 1819-20 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் போட்டு ஆயிரக்கணக்கில் கற்கள் எடுத்தார். பிறகு அதுவும் நின்றது. அவ்வளவுதான் கதை.

இனி அந்த ஆறு பட்டைக்கு வருகிறேன். கல் பட்டையோடு பிறக்கிறது என்று அப்பத்தாவுக்குத் தெரிந்ததை ஐரோப்பா கணக்காகச் சொல்ல 1669 ஆனது. நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் வைத்தியர், ஸ்டெனோ என்று சொன்னால் தெரியும், இத்தாலியில் இருந்துகொண்டு பளிங்குக் கற்களை ஆராய்ந்தார். பக்கங்கள் பெரிசு சின்னதாக இருக்கலாம், ஆனால் பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவிலுள்ள கோணம் மாறாது என்று கண்டார். நான் பாகைமானி வைத்துப் பார்த்தேனே, ஒன்று பட்டை ஒன்று ஒல்லி, கோணம் மட்டும் 120, அதேதான். (மனிதர் பிற்பாடு பிஷப் ஆகிவிட்டார். ஆராய்ச்சியை விட்டுவிட்டார்.) நூறு வருஷத்துக்குப் பின் 1783-இல் ரோமே த லீல் என்ற பிரெஞ்சுக்காரர் நூற்றுக்கணக்கான படிகங்களைக் கோணமானியால் அளந்து இது எல்லாவற்றுக்கும் பொது விதி என்று நிறுவினார்.

அப்புறம் ஆயி என்ற பாதிரியார். நண்பர் வீட்டில் ஒரு கால்சைட் படிகத்தைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டாராம். எல்லாருக்கும் சங்கடம். இவர் மட்டும் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, எந்தத் துண்டும் ஒரே சாய்சதுர வடிவில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். வீட்டுக்குப் போய்த் தம் சொந்தச் சேகரிப்பையும் உடைத்தார். செங்கல் அடுக்குகிற மாதிரி ஒரே அளவுச் சிறு கட்டிகள் அடுக்கப்பட்டுத்தான் படிகம் உருவாகிறது, அடுக்கும்போது எங்கே படி விடுகிறது என்பதைப் பொறுத்து வெளிவடிவம் மாறுகிறது என்று 1784-இல் எழுதினார். நம் பெரிலுக்கும் அவருக்கும் நேர்ச் சம்பந்தம் உண்டு. மரகதமும் பெரிலும் வேறு வேறு கற்கள் என்றே அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். இரண்டுக்கும் வடிவம் ஒன்றாக இருக்கிறதே, சரக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டு வாக்லான் என்ற ரசாயனக்காரரிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். இரண்டும் ஒன்றே என்பதோடு, உள்ளே அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு தனிமமும் இருப்பது 1798-இல் தெரிந்தது. அதன் உப்புகள் இனித்ததால் முதலில் இனிப்பு என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். பிறகு கல்லின் பெயரிலேயே பெரிலியம் ஆயிற்று. ஆக, தனிம அட்டவணையில் நாலாம் நம்பர் வீட்டுக்காரரின் பெயருக்கு மூலம் நம் பக்கத்து வியாபாரச் சொல்.

இதெல்லாம் நான் கல்லூரியில் படித்ததல்ல. படித்திருந்தால் தேவலை. வேலையை இழந்த பிறகு படித்தது.

2010-இல் கல்லூரியை விட்டு வந்ததும் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். ஏழாவது மாதம், 2011 ஜனவரி கடைசியில், சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உத்தரவு போட்டது. நியாயம் விவசாயிகள் பக்கம் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் மழைத்தண்ணீருக்குப் பதில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே கரூர் வரைக்கும் நிலம் உப்பேறிப் போனதை நாம் எல்லோரும் அறிவோம். மணிக்கல் பட்டறை நடந்த அதே கொடுமணலுக்குப் பக்கத்தில்தான் அந்த அணை. ஆனால் மாதச் சம்பளத்தில் இருந்தவனுக்கு நியாயம் சோறு போடாது. அந்த வைகாசியில் தங்கச்சி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாலு மாதம் சும்மா இருந்தேன்.

அந்த நாலு மாதத்தில்தான் திருநீற்று டப்பாவிலிருந்த கல்லை எடுத்துக்கொண்டு காங்கேயம் போனேன். அப்பாவிடம் சொன்னேன். அப்பத்தாவிடம் சொல்லவில்லை. பட்டை தீட்டுகிறவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்ள முச்சூடும் விரிசலுங்க தம்பி. இந்த ஓரம் மட்டும் சுத்தமா இருக்குது. ரெண்டு கல்லு எடுக்கலாம்" என்றார். எடுத்தார். ஆறு பக்கமும் சக்கரத்தில் மண்ணாய்ப் போனது. கிடைத்த இரண்டு கற்கள் ஏழாயிரத்துக்குப் போயின. கல்யாணத்தில் பந்தலுக்குச் சரியாய்ப் போயிற்று. முனை கெடாத இயற்கைப் படிகத்தைத் தீட்டாமல் அப்படியே வாங்க உலகத்தில் ஆள் இருக்கிறது, மியூசியங்கள் இருக்கின்றன என்பது எனக்கு மூன்று வருஷம் கழித்துத் தெரிந்தது. தீட்டினவர் மேல் தப்பில்லை. அவர் தொழிலை அவர் சுத்தமாகச் செய்தார். கேட்காமல் கொடுத்தவன் நான்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே விடக்கூடாது என்ற விதிப்படி நடக்கிற நிலையம். சாயத்தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு நல்ல தண்ணீரைப் பிரித்துவிட்டால் மிச்சம் வருவது கடும் உப்புநீர். அதை எவாப்பரேட்டரில் சுண்டக் காய்ச்சி, சில்லரில் குளிரவைத்தால் கிளாபர் உப்பு படிகமாக இறங்கும். சோடியம் சல்ஃபேட்தான். பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மன் ரசாயனக்காரர் கிளாபரின் பெயர். அதைத் திரும்பச் சாயப்பட்டறைக்கே கொடுக்கலாம். இந்த உப்பின் குணம் விசித்திரம். 100 கிராம் தண்ணீரில் 32 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 50 கிராம் கரையும். 0 டிகிரியில் 5 கிராம் கூடக் கரையாது. ஆகவே குளிரவைத்தால் கொட்டும். கொட்டினால் சரி என்று நினைத்தேன்.

சில்லரை முழு வேகத்தில் ஓட்டினேன். உப்பு வந்தது. ஆனால் ஊசி ஊசியாக, சேமியாவைக் கரைத்துவிட்ட மாதிரி! சென்ட்ரிஃப்யூஜில் எவ்வளவு சுற்றினாலும் ஈரம் போகவில்லை. ஊசிகளுக்கு நடுவில் காப்பி நிறக் கழிவு நீர் தங்கிவிட்டது. மூட்டை போட்டு அனுப்பினோம். ஒரு பட்டறை மேனேஜர் மறுநாளே போன் செய்தார். "ஏனுங் சார், நீங்க அனுப்புனது உப்புங்களா, சேறுங்களா? வெள்ளைத் துணி மஞ்சளாகுது." அதோடு சித்திரை வெயில் வேறு. இந்தப் படிகத்தில் எடையில் பாதிக்கு மேல், 56 சதவீதம், தண்ணீர்தான். 32.4 டிகிரியைத் தாண்டினால் தன் தண்ணீரிலேயே தான் உருகும். திருப்பூர்ச் சித்திரையில் 32 டிகிரி என்பது காலை ஒன்பது மணி. குடோனில் மூட்டைகள் அழுதன. இரண்டு மாதத்தில் இந்த வேலையும் போகும் என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு படிகவியல் புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். ஸ்டெனோ, ஆயி எல்லாரும் அதில்தான் அறிமுகம். ரோமே த லீல் சொன்ன இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. சமையல் உப்பு எப்போதும் கனசதுரமாகத்தான் படியும். ஆனால் மனித மூத்திரத்திலிருந்து அதைப் படியவைத்தால் எண்முகமாக, இரண்டு பிரமிடை அடியோடு அடி ஒட்டிவைத்த மாதிரி வருகிறதாம். உப்பு அதே உப்பு. யூரியா கூட இருப்பதால் உருவம் மாறுகிறது. காரணம் பின்னால் வந்தவர்கள் சொன்னது: படிகத்தின் எல்லா முகங்களும் ஒரே வேகத்தில் வளருவதில்லை. வேகமாக வளருகிற முகம் ஓடி ஓடித் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும், கூர்முனையாகிக் காணாமல் போகும். மெதுவாக வளருகிற முகம்தான் பெரிதாகி மிஞ்சும். யூரியா எண்முகத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. அதனால் அவை நின்றுவிடுகின்றன. உப்பு கட்டியாகாமல் இருக்க உப்புக் கம்பெனிகள் துளியூண்டு ஃபெர்ரோசயனைடு சேர்ப்பதும் இதே வித்தைதான். படிகம் கிளை கிளையாக வளர்ந்துவிடும், ஒன்றோடொன்று இறுகாது.

படித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுக் கல் ஞாபகம் வந்துவிட்டது. பெரிலின் அணு அடுக்கில் ஆறு சிலிக்கான்கள் வளையம் வளையமாக, வளையல் அடுக்கினது போல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. ஆறு பட்டை அங்கிருந்து வருகிறது. நீளவாக்கில் வேகமாகவும் பக்கவாட்டில் மெதுவாகவும் வளர்ந்ததால் தூணாகிறது. அதே பெரில் சீசியம் நிறைந்த குழம்பில் வளர்ந்தால் தூணாகாமல் வில்லை போல் தட்டையாகிறது. கோணம் மட்டும் அதே 120. இந்தியருக்கு நீளமான பெரில் பிடிக்கும் என்று பிளினி எழுதியது நம்மவர் ரசனையைப் பற்றியா, படியூர் மண்ணுக்குள் அது வளர்ந்த விதத்தைப் பற்றியா? என்னைக் கேட்டால் இரண்டாவது. கிடைத்ததே நீளமாகத்தான் கிடைத்தது. சிவன்மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பாறை வகையையும் அதிலுள்ள குருந்தக் கல்லையும் பற்றி ஹாலந்து என்ற புவியியல் அதிகாரி 1901-இல் தனி நூலே எழுதினார். ஆச்சரியம், படிகம் எந்த வடிவத்தில் இருந்தால் அதன் மேற்பரப்பு ஆற்றல் குறைவாக இருக்கும் என்ற விதியை வுல்ஃப் என்ற ரஷ்யர் வெளியிட்டதும் அதே 1901. ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க நியாயமில்லை.

நிலையத்துக்குத் திரும்புகிறேன். சில்லரின் வேகத்தைக் குறைத்தேன். ஒரு மணி நேரத்தில் இறக்கியதை ஆறு மணி நேரமாக்கினேன். முந்தின நாள் உப்பில் ஒரு வாளி எடுத்து விதையாகப் போட்டேன். மோர் கடைகிற மத்து போல் சுற்றிய கலக்கியை மெதுவாக்கினேன். உப்புநீரைச் சில்லருக்கு விடும் முன் நிறத்தை இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொன்னேன். அந்தச் சாயக் கழிவும் யூரியா மாதிரி எந்த முகத்திலோ ஒட்டுகிறது என்பது என் ஊகம். "இப்படி ஆமை மாதிரி ஓட்டுனா கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்று மேலே சத்தம் போட்டார்கள். நாலாவது நாள் ஷிப்ட் ஆபரேட்டர் உள்ளங்கையில் கொஞ்சம் உப்பு கொண்டுவந்து காட்டினார். கற்கண்டுத் தூள் மாதிரி, கண்ணாடி போல, குட்டைக் குட்டையாக. விரலிடுக்கில் நரநரவென்றது. "இதைத் தலைகீழாப் புடிச்சாலும் தண்ணி சொட்டாதுங் சார்" என்றார். சென்ட்ரிஃப்யூஜ் அன்றைக்குப் பாதி நேரத்தில் வேலையை முடித்தது. வெயிலில் அழுகிற குணம் மட்டும் மாறவில்லை. அதற்கு வடிவம் என்ன செய்யும்? பின்னால் படிகத்தை உருக்கி, தண்ணீரை ஓட்டிவிட்டுத் தூளாகக் கொடுக்க ஆரம்பித்தோம்.

அந்த மேனேஜர் அப்புறம் போன் செய்யவில்லை. திருப்பூரில் போன் வரவில்லை என்றால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நான் இன்றும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பையன்களுக்கு, இதில் நம் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு, முதல் நாள் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து உப்பைப் பார்க்கச் சொல்வேன். இரண்டாம் நாள் கொடுமணலுக்குப் போய்வரச் சொல்வேன். பாதிப் பேர் போகமாட்டார்கள்.

அப்பத்தா 2014-இல் காலமானது. தினமும் காலையில் அந்த டப்பாவிலிருந்துதான் திருநீறு எடுத்துப் பூசும். கல் இல்லாதது முதல் நாளே தெரிந்திருக்கும். கடைசி வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லைத் தீட்டியவர் கொடுத்த கழிவுச் சில்லு ஒன்று என் மேஜை டிராயரில் இருக்கிறது. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. சக்கரம் படாத பழைய முகங்கள் இரண்டும் நடுவில் ஒரு விளிம்பும் அதில் தப்பியிருக்கின்றன. போன வாரம் ஆறாவது படிக்கும் என் மகள் அவளுடைய பாகைமானியை வைத்து அளந்தாள். சில்லு சின்னது, கை நடுங்கியது. 118 என்றாள். மறுபடி வைத்துப் பார்க்கச் சொன்னேன்.